எலும்புக்குள் இருப்பதைக் காட்டியவர்

யார் என்ன கேட்டாலும் அவர் முதலில் இடது கண்ணைச் சுருக்குவார். ஒற்றைக் குழல் மைக்ராஸ்கோப்பில் வலது கண்ணை வைத்து வருஷக்கணக்காகப் பார்த்ததில் வந்த பழக்கம். பிறகு சொல்வார்: "பாக்கலையே. பாத்துட்டுச் சொல்றேன்."

மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரன் "ஏக்தம் தாஜா", இப்போதுதான் பறித்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அவரிடம் பலிக்காது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி உள்ளே பார்த்த பிறகுதான் பையைத் திறப்பார். நான் ஒரு முறை, பழக்கம் ஏற்பட்ட தைரியத்தில், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அவா என்னைப் பாக்க வந்தா. நானும் பாத்தேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெயரை எழுதப் போவதில்லை. தாராவியில் நாங்கள் இருந்த சாலில், அந்த வரிசைவீட்டுக் குடியிருப்பில், யாருக்கும் அவர் பெயர் தெரியாது. 'ரத்த டாக்டரம்மா' என்றால் போதும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் பம்பாயில், அண்ணன் வீட்டோடு மாட்டுங்காவில் இருந்தார். முனிசிபல் ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வெள்ளைப் புடவைதான் கட்டுவார். ஆனால் எந்தப் புடவையும் முழு வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடித் துண்டுகளில் ஊற்றுகிற ஊதாச் சாயம் முந்தானையில் எங்காவது ஒட்டியிருக்கும். விரல் நகங்களும் ஊதா.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், என் இருபத்திரண்டாவது வயதில். தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் இருந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே எங்களுக்கு ஊர். அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அம்பர்நாத்தில் இருந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த பையனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள்.

முதலில் கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கொசுக்கடி என்று நினைத்தேன். பிறகு எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றியது. காலையில் பல் தேய்த்தால் துப்புவதெல்லாம் ரத்தம். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது என் தோளில் இருந்த கன்றலைப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் சால் முழுவதும் அதுதான் பேச்சு. சம்பாதிக்கிற மகளை அப்பன் போட்டு அடிக்கிறான்!

என் அப்பா கையை ஓங்கியதுகூடக் கிடையாது. பேச்சு காதுக்கு வந்த அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். "என்ன கொடும பாத்தியாட்டி. நான் எம் மவள அடிப்பேனா?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலும் அதுவே நடந்தது. முதலில் பார்த்த சின்ன டாக்டர் என் கைகளைப் பார்த்தார், பிறகு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் அந்த டாக்டரின் முகம் மாறியது. ரத்தப் புற்றாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கும் கேட்டது.

இப்படித்தான் நாங்கள் கீழ்த்தளத்துக்குப் போனோம்.

நெஞ்செலும்பில் ஊசி போட்டு எடுப்பார்கள். மற்ற டாக்டர்களாக இருந்தால் "ஒன்றும் செய்யாது, எறும்பு கடித்த மாதிரி இருக்கும்" என்றிருப்பார்கள். இவர் ஊசியை என் கண்முன்னே பிடித்துக் காட்டினார். "வலிக்கும் டீச்சர். மேலே மரத்துப்போக மருந்து போடறேன். ஆனா உள்ளேர்ந்து உறிஞ்சறப்போ அந்த வலிக்கு மருந்து கிடையாது. சட்டுனு முடிஞ்சுடும். கத்தணும்னா கத்து, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா." கத்தினேன். நெஞ்சுக்குள் கயிறு கட்டி உயிரை இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் அவர் சொன்னபடியே சட்டென்று முடிந்தும் போனது. அந்த ஊசியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முடிவு சொல்லும் நாளில் அப்பாவைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்து நான் பெஞ்சிலேயே இருந்தேன். டாக்டரம்மா வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் பித்தளைக் குழல் மைக்ராஸ்கோப். அடியிலிருந்த சின்னக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு, "உக்காரு. பாரு" என்றார்.

"நானா?"

"ஒன் எலும்புலேர்ந்துதானே எடுத்தேன்? நீ பாக்காம வேற யார் பாக்கணும்? கண்ணை ஒட்டி வை. இன்னொரு கண்ணை மூடாதே, தெறந்தே இருக்கட்டும். என்னை மாதிரிச் சுருக்கிப் பழகாதே."

முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு இளம் ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் சிறிதும் பெரிதுமாய்ப் புள்ளிகள்.

"இதெல்லாம் பொடிசு. ஒண்ணு வெள்ளை அணுவாகும், ஒண்ணு சிவப்பு அணுவாகும். இப்போ ஓரத்துக்குப் போறேன். கண்ணாடியிலே தேய்க்கறப்போ பெரிசெல்லாம் ஓரத்துக்கு இழுத்துண்டு போயிடும். ம்... இப்போ என்ன தெரியறது?"

"ஒண்ணு பெருசா, ராட்சசி மாதிரி கெடக்கு டாக்டரம்மா."

அவர் சிரித்தார். "மெகாகேரியோசைட். மஜ்ஜையிலே ரத்தம் பண்ற அணுக்கள்லேயே இதுதான் பெரிசு. பொறக்கறப்போ இதுவும் பொடிசுதான், கேட்டியோ. மத்ததெல்லாம் கொஞ்சம் வளர்ந்ததும் ரெண்டாப் பிரிஞ்சு போயிடும். இது பிரியாது. உள்ளே இருக்கற கரு மட்டும் ரெண்டாகும், நாலாகும், எட்டாகும், பதினாறாகும். எல்லாம் ஒட்டிண்டு ஒரே ஒடம்புக்குள்ளேயே இருக்கும். ஒடம்பும் அதுக்கேத்தாப்பலே பெருக்கும். இளசா இருக்கறப்போ ஒடம்பு நீலமா இருக்கும். பழுக்கப் பழுக்க ரோஸ் நெறம் வரும், உள்ளே மணலைத் தூவினாப்பலே பொடிப்பொடியா நெறையும். நன்னாப் பழுத்தப்பறம் ஓரத்துலேர்ந்து பிஞ்சு பிஞ்சு, துண்டு துண்டா ரத்தத்துலே போய்ச் சேரும். கடைசிலே வெறும் கரு மட்டும்தான் மிஞ்சும். நமக்கு ஒரு காயம் பட்டா ஓடி வந்து அடைக்கறது அந்தத் துண்டுகள்தான்."

"என்னோடது பழுத்திருக்கா?"

"நீயே சொல்லேன். நீலமா, ரோஸா?"

"நீலம்."

கண்ணாடித் துண்டை நகர்த்தினார். இன்னொன்று வந்தது. அதுவும் நீலம். இன்னும் நகர்த்தினார். இன்னும் ஒன்று, அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

"இருக்கறது நெறைய இருக்கு. ஆனா பாதிக்கு மேலே இளசு, உடைய ஆரம்பிக்கவே இல்லே. ஏன்னா உடைஞ்சு ரத்தத்துக்குப் போற துண்டையெல்லாம் ஒன் ஒடம்பே அழிச்சுண்டிருக்கு. மண்ணீரல்லே போய் எல்லாம் காணாமப் போறது. மஜ்ஜை பாவம், அவசர அவசரமாப் புதுசு புதுசாப் பண்ணிண்டிருக்கு."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "புற்றுநோயா?"

"இல்லே. புற்றுநோயா இருந்தா இந்த எடம் பூரா வேற மாதிரி இருக்கும். நான் பாத்தேன். நீயும் பாத்துட்டே."

அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை. திரும்பவும் குனிந்து பார்த்தேன். சாகப் போகிறவள் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். என் எலும்புக்குள்ளேயோ இத்தனை பெரியவை நிறைந்து கிடந்து, எனக்குத் தெரியாமலே வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அடுத்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கேட்டது ஒரே கேள்வி.

"அப்பம், நான் அடிக்கலைன்னு இதுல தெரியுதாம்மா?"

டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியாது. இடது கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தார், என் கையிலிருந்த கன்றலைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "தெரியறது" என்றார். "நன்னாத் தெரியறது."

"ஊருக்குள்ள யாரும்மா நம்புவா?"

"ஊரைக் கூட்டிண்டு வாங்கோ."

வேறு யாராக இருந்தாலும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா நிஜமாகவே கூட்டிக்கொண்டு போனார். அடுத்த தடவை மருந்து வாங்கப் போகும்போது சாலிலிருந்து நாலைந்து பேர் எங்களோடு வந்தார்கள். குழாயடியில் என் தோளைப் பார்த்த அக்காவும் வந்தாள். டாக்டரம்மா ஒவ்வொருவராக உட்கார வைத்துக் காட்டினார். கன்றல் எதனால் வருகிறது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். அந்த அக்கா பார்த்துவிட்டு, "ஆத்தி, எம்புட்டுப் பெருசு!" என்றாள். பிறகு எழுந்து அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, நாக்கு தவறிட்டு. மனசுல வச்சிக்கிடாதீய." அப்பா தலையை ஆட்டினார். அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டார் பெரிய டாக்டர். அந்தப் பிரிவுக்கே தலைவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கு, சுத்தம், அமைதி மூன்றும் வேண்டும் அவருக்கு. "இது என்ன, பயாஸ்கோப் கூடாரமா?" என்று இந்தியில் ஒரு சத்தம் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். பிறகு கதவு திறந்தபடியே இருக்க இங்கிலீஷில் தொடர்ந்தார். நோயாளிகள் பயந்துபோவார்கள், அரைகுறையாகப் புரிந்துகொண்டு எதையாவது செய்துவைப்பார்கள், முடிவைச் சொல்வதுதான் நம் வேலை, காட்டுவது இல்லை என்றார். டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை. "என் எலும்பிலிருந்து எடுத்திருந்தால் நீங்கள் சொல்கிறபடி யாருக்கும் காட்டாமல் இருப்பேன், அவர்கள் எலும்பிலிருந்து எடுத்ததை அவர்களுக்கு எப்படி மறைப்பது?" என்று கேட்டார். பெரிய டாக்டர் போய்விட்டார். இனிமேல் செய்யக் கூடாது என்று உத்தரவு மட்டும் வந்தது.

செய்துகொண்டுதான் இருந்தார். பெரிய டாக்டர் மேலே வார்டுகளைப் பார்க்கப் போகும் நேரமாகப் பார்த்துச் செய்தார். மருந்துக்காகவும் ரத்தச் சோதனைக்காகவும் நான் அடிக்கடி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் நிறையப் பார்த்தேன். காட்டியதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஒரு கல்லூரிப் பையன் தன் ரத்தத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் தன்னுடைய அணுக்களை விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதோட திருகு லூசாயிருக்கு டாக்டர்" என்று சொல்லி மறுநாள் கருவியோடு வந்து இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய ஆறு வயது மகனுக்கும் என்னைப் போலவே கன்றல்கள். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பயப்படாதீர்கள், எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று தைரியம் சொல்லி, பெரிய அணுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தேன். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். பையனுக்கு ரத்தப் புற்று. பேசி முடித்ததும் அந்த அம்மா மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் காட்டுவீங்களாமே. எனக்கும் காட்டுங்க."

டாக்டரம்மா தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் குனிந்து பார்த்தபடியே, "பெருசு ஒண்ணுகூட இல்லியே" என்றாள். டாக்டரம்மா அவள் முதுகில் கை வைத்து, "இல்லேம்மா" என்றார். 

அவள் போன பிறகு நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் காட்டினீக டாக்டரம்மா? அந்தப் புள்ள மொகத்த நெனச்சாவது..."

"கேட்டாளே" என்றார். "கேட்டவளுக்கு இல்லேன்னு சொல்ல நான் யாரு?" அன்று மதியம் கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். அன்று அவர் செய்தது சரிதானா என்று எனக்குப் பல நாள் உறுத்தியது.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தாள். பையன் போய்விட்டான். டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாள். "எங்க மாமியார் நான் கண்டதையும் ஊட்டினதாலதான்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் நான் சரியாப் பாத்துக்கலைன்னு சொல்றாரு. சொல்லிக்கட்டும். நான் உள்ள பாத்துட்டேன். அது என் கை பண்ணது இல்ல. அதைத்தான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அவள் போன பிறகு டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் ஊதாச் சாயம் ஒட்டியது. நான் சொல்லவில்லை.

எனக்கு மருந்து கேட்டது. ஸ்டீராய்டு மாத்திரை. முகம் பூசணிக்காய் மாதிரி உப்பினாலும் கன்றல்கள் மறைந்தன. அந்தச் சமயத்தில் மாட்டுங்காவில் ஒரு மாதர் சங்கத்தில் ரத்தத்தைப் பற்றித் தமிழில் பேசச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். தமிழ் பேசுவாரே தவிர எழுதவும் படிக்கவும் தடுமாறுவார். படிப்பெல்லாம் இங்கிலீஷ். "பிளேட்லெட்டுக்குத் தமிழ்லே என்ன டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பெரிய அணுவிலிருந்து உடைந்து வருகிற துண்டு என்று அவர் சொன்னதும், நாங்கள் பாண்டி விளையாட எடுக்கும் ஓட்டுச்சில்லு ஞாபகம் வந்தது. "சில்லுன்னு சொல்லலாமே" என்றேன். "சில்லு" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு வந்தது. வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் பட்டுப்புடவை மாமிகள் நிறைய. நான் கடைசி வரிசையில் இருந்தேன். சில்லு என்ற வார்த்தை முதன்முதலாக வந்ததும் பேச்சை நிறுத்தினார். "இந்த வார்த்தை என்னுது இல்லே. தாராவி முனிசிபல் ஸ்கூல் டீச்சர் கொடுத்தது. அதோ உக்காந்திருக்கா. எழுந்திரு டீச்சர்." முன்வரிசையெல்லாம் திரும்பியது. என் பெயரைச் சொல்லி யாராவது தாராவி என்று அழுத்திச் சொன்னால் நான் கூசிப்போகிற காலம் அது. அன்று கூசவில்லை. நேராக எழுந்து நின்றேன்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாமி உருகிப்போய்ச் சொன்னாள். "அந்தப் பெரிய அணு சாட்சாத் தாயார் மாதிரின்னா! தன்னையே உடைச்சுண்டு லோகத்துக்குக் கொடுக்கறதே."

டாக்டரம்மாவின் இடது கண் சுருங்கியது. "தாயாரும் இல்லே, தியாகமும் இல்லே மாமி. அதுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. வளர்றது, பழுக்கறது, உடையறது. இத்தனையும் இங்கே உக்காந்திருக்கற ஒவ்வொருத்தர் எலும்புக்குள்ளேயும் இப்போ நடந்துண்டிருக்கு. அதைக் கேட்டாலே நேக்குப் புல்லரிக்கறது. அதுக்கு மேலே வேற என்ன வேணும்?"

மாத்திரையைக் குறைத்ததும் நோய் திரும்பியது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே புடவையை நனைத்தது. மண்ணீரலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார்கள். செய்தி அம்பர்நாத்துக்கு எட்டி, மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்கே வந்தார். டாக்டரம்மா வழக்கம்போல நாற்காலியைப் போட்டார். என் அணுக்களை மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகப் பார்த்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆபரேஷனுக்குப் பொறவு சரியாயிருமாம்மா?"

"நெறையப் பேருக்குச் சரியாறது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

"புள்ள பெறுவாளா?"

"பெறலாம். பெத்தவா இருக்கா. ஆனா இவ விஷயத்திலே இப்பவே சத்தியம் பண்ண என்னாலே முடியாது."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "நீங்க ஒண்ணையும் மறைக்கல, நல்லாயிருப்பீய. ஆனா எனக்கு ஒத்த மவன். இது எங்களுக்குத் தோதுப்படாது." என் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "காட்டினாப் போறும்னு நெனச்சேன் டீச்சர். பாத்தா புரிஞ்சுப்பான்னு... ஒரு பொய் சொல்லியிருந்தா ஒனக்குக் கல்யாணம் ஆயிருக்குமோ?"

எனக்கும் வலித்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அவுக பாத்துட்டுத்தான் வேண்டாம்னாக டாக்டரம்மா. பொய் சொல்லிக் கெட்டி வச்சிருந்தா, நான் தெனமும் அதுக்குப் பயந்துக்கிட்டுல்லா இருக்கணும்?" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். இரண்டு கண்ணாலும்.

ஆபரேஷனில் ஆபத்து இருந்தது. ரத்தம் உறையாத உடம்பில் கத்தி வைக்க வேண்டும். அதையும் அவர் அப்பாவிடம் நேராகச் சொல்லி, புது ரத்தம் தயாராக வேண்டும் என்றார். சாலிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து வரிசையில் உட்கார்ந்து கொடுத்தார்கள். குழாயடி அக்காதான் முதலில் கையை நீட்டினாளாம். எனக்கு அன்று நடந்தது எதுவும் தெரியாது. கண் விழித்தபோது வயிற்றில் தீ வைத்த மாதிரி வலி. அப்பா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் டாக்டரம்மா வந்து என் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அதே பதில்தான்: "பாக்கலையே. பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பெண்கள் வார்டின் வாசலில் ஏதோ சலசலப்பு. பார்த்தால் டாக்டரம்மா வருகிறார். குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் மைக்ராஸ்கோப்பை அணைத்துக்கொண்டு, அத்தனை மாடிப்படியும் ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். ஆஸ்பத்திரிச் சாமான், தவறி விழுந்திருந்தால் அவருடைய வேலையே போயிருக்கும். என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில் அதை இறக்கினார். கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார்.

"கீழே வர ஒன்னாலே முடியாதே. அதான்" என்றார்.  "எழுந்து பாரு."

இரண்டு நர்ஸ்கள் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். குனிந்தேன். சிவப்பு அணுக்களுக்கு நடுவே பொடிப்பொடியாக, ஊதா நிறத்தில், இரண்டும் மூன்றுமாக, சில இடத்தில் கும்பலாக, எங்கே பார்த்தாலும் சில்லுகள். முன்னே தேடித் தேடி ஒன்று கிடைத்தால் அதிசயமாக இருந்த இடம் அது.

"இத்தனையும் என்னோடதா?"

"வேற யாரோடது? எல்லாம் ஒன் எலும்புலே வளர்ந்து, பழுத்து, உடைஞ்சு வந்தது. இப்போ அழிக்கறதுக்கு ஆள் இல்லே."

பக்கத்துக் கட்டில் குஜராத்திப் பாட்டி என்ன என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னார். தானும் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு மீன்காரப் பெண் வந்து நின்றாள். அப்புறம் கையில் கட்டுப்போட்டிருந்த ஒரு சிறுபெண். கொஞ்ச நேரத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் ஜன்னலிலிருந்து வார்டின் நடுப்பகுதி வரை வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து பார்ப்பாள், திரும்பி என்னைப் பார்ப்பாள், சிரிப்பாள். மராத்தியிலும் இந்தியிலும் குஜராத்தியிலும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் கட்டிலில் ராணி மாதிரி சாய்ந்திருந்தேன்.

அப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். பின்னால் மாணவர் கூட்டம். வரிசையைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். வார்டு அடங்கிப்போனது. மீன்காரப் பெண் மட்டும் குனிந்த தலையை எடுக்காமல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா நகரவில்லை. 

 பெரிய டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டு, தானும் பார்க்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

டாக்டரம்மா என்னைக் காட்டினார். "உஸ்ஸே பூச்சியே, சர். உஸ்கா ஹை." அவளைக் கேளுங்கள், அது அவளுடையது.

 பெரிய டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். அந்த வார்டில் எந்த டாக்டரும் எந்தப் பெண்ணிடமும் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"மை தேக்கூம், டீச்சர்?" என்றார். நான் பார்க்கலாமா?

தையல் சுரீரென்று இழுத்தது. இருந்தாலும் பாருங்கள் என்று சொல்லக் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தேக்கியே, சாப்" என்றேன்.